புளியந்தீவு முதல் வந்தாறுமூலை வரை

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடமேற்காகச் செல்வோர், ஏறாவூரைக் கடந்ததும், ஏறக்குறையப் பத்து மைல் தொலைவிற் செங்கலடிச் சந்தியை அடைவர். பேராதனையிற் புறப்பட்டு, நுவரெலியா மலைகளைத் தாண்டி, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய இடங்களினூடாக இறங்கிவரும் நெடுஞ்சாலை முடிவுறும் இடமும் இதுவேயாகும். இரு பெரு வீதிகள் கூடும் இடமாதலின், செங்கலடி கடைத்தெருவும் பணிமனைகளும் நிறைந்த ஊராக வளர்ந்து, ஏறாவூர்ப்பற்றின் நிருவாகத் தலைமையிடமாக விளங்குகின்றது. அதற்கு வடக்கே கொம்மாதுறை. அதனை அடுத்து வந்தாறுமூலை. காலை வேளையிற் செங்கலடி மத்திய கல்லூரியை நோக்கி வெண்ணிற உடையணிந்த மாணவர் செல்வதையும், வந்தாறுமூலையை நோக்கிப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த பல்கலைக்கழக மாணவர் செல்வதையும் அவ் வீதியில் நின்று காணலாம். உழவரும் வணிகரும் மட்டுமன்றி, ஆசிரியரும் எழுதுவினைஞரும் விரிவுரையாளரும் குடியிருக்கும் புறநகராக அப் பகுதி இன்று மாறியிருக்கின்றது.

நூறாண்டுகளுக்கு முன் இக் காட்சியை ஒருவரும் எண்ணியிருத்தல் இயலாது. அக் காலத்தில் மட்டக்களப்பு மாநிலத்தில் உயர்கல்வி என்பது வாவி சூழ்ந்த ஒரு சிறு தீவினுள் அடங்கியிருந்தது. அத் தீவினின்றும் வெளிப்பட்டு, முதலில் வாவியைக் கடந்து கல்லடிக்கும், பின்னர் வீதி வழியே வந்தாறுமூலைக்கும் கல்வி நடந்து வந்த வழியை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். கிராமத்துப் பிள்ளையைத் தடுத்து நின்றது அறிவின்மையன்று. தொலைவும் பொருளின்மையுமே தடுத்தன. அத் தடைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட தோறும் புதியதொரு தலைமுறை எழுந்தது. தடை மீண்டும் எழுந்தபோது அத் தலைமுறை அல்லலுற்றது. இவ்வுண்மையை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

நீரும் நிலமும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனை வரை கடலுக்கு ஏறத்தாழ இணையாக நீண்டு கிடப்பது. கடற்புறமாக அமைந்த கரையினை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடும் பரந்த கரையினைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு தோன்றும் திசையையும் மறையும் திசையையும் கொண்டு தம் நாட்டினைப் பகுத்த இவ் வழக்கு அழகியது. ஆயினும் அழகிய இப் பகுப்பிலே ஒரு துன்பமும் உண்டு. நெல் விளைந்தது ஒரு கரை. கச்சேரியும் மருத்துவமனையும் கல்லூரியும் அமைந்தது மறு கரை. இடையிலே நீர். தோணியும் துறையுமே பாலமாக இருந்த நாட்களில், மாரிக்காலத்து வெள்ளம் பெருகிவிட்டால் இரு கரைகளும் இரு நாடுகளாகிவிடும்.

கற்றல் இம் மக்களுக்குப் புதியதன்று. கோயில்களிற் கண்ணகி வழக்குரை படித்தலும், பாரதக் கதை கேட்டலும், வைகாசித் திங்களிற் குளிர்த்தி பாடுதலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவை. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களையும் அண்ணாவிமார் களரியிலே பயிற்றினர். எழுத்தறியாத உழவன் ஒருவன் பல நூறு பாடல்களை மனத்திற்கொண்டு, விடியும்வரை தாளம் பிசகாது ஆடினான் என்றால், அவனைக் கல்லாதவன் எனல் பொருந்தாது. ஆனால் அக் கல்வி அவனுக்கு உத்தியோகத்தையோ, நியாயத்தலத்திலே தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றலையோ தரவில்லை. அவற்றைத் தரவல்ல கல்வி வேறு மொழியில், வேறு ஊரில் இருந்தது.

கோட்டை நகரின் பள்ளிகள்

அவ்வூர் புளியந்தீவு. போத்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் அமைத்த கோட்டையை ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையைச் சார்ந்து நகரும், நகரைச் சார்ந்து பள்ளிகளும் எழுந்தன. 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் சபைத் தூதுவர்களுள் ஒருவராகிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பைத் தம் பணிக்களமாகக் கொண்டார். வந்த மறு ஆண்டிலேயே நோயுற்று அவர் இறந்தாராயினும், அச் சிறு காலத்துள் அவர் தொடங்கிய கல்விப்பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைபெற்றது. 1873இற் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. 1895இன் பின் இயேசு சபைத் துறவியர் அதனை வளர்த்தெடுத்தனர். பெண் கல்விக்கு வின்சன்ற் உயர்தரப் பாடசாலையும் புனித சிசிலியா பாடசாலையும் அமைந்தன.

இந் நிறுவனங்கள் மட்டக்களப்புக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதனை மறத்தல் நன்றியன்று. இந்து சமயத்துப் பேரறிஞராக விளங்கிய விபுலாநந்த அடிகளுக்கே ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் ஊட்டியவை மெதடிஸ்த, கத்தோலிக்கப் பள்ளிகளே என்பதை யாவரும் அறிவர். எனினும் இரு குறைகள் இருந்தன. ஆங்கிலப் பள்ளிகளிற் கட்டணம் செலுத்துதல் வேண்டும். கட்டணமின்றிக் கற்பித்த சுயமொழிப் பள்ளிகளோ சில வகுப்புகளுடன் நின்றுவிடும். ஆகவே செங்கலடியிலோ கொம்மாதுறையிலோ பிறந்த உழவன் மகன், தன்னூர்ப் பள்ளியின் இறுதி வகுப்பை முடித்ததும், வயலுக்குக் காவலாகவோ மாட்டுப்பட்டிக்குத் துணையாகவோ செல்லுதலே வழமையாயிற்று. நிலபுலம் மிக்க போடியார் வீட்டுப் பிள்ளை நகரிலே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படித்தான். ஏனையோர்க்கு அந்தப் பத்து மைல், பத்து நூறு மைலுக்குச் சமமாயிற்று. 1928இற் புகையிரதப் பாதை மட்டக்களப்பை அடைந்தது, பயணம் எளிதாயிற்று, கட்டணம் எளிதாகவில்லை.

பாலமும் வித்தியாலயமும்

கல்வி முதலிற் கடந்த நீர், புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடைப்பட்ட வாவிநீராகும். ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக அமைந்த நீண்ட மணற்பரப்பே கல்லடி. கல்லடி, உப்போடை, நொச்சிமுனை என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இவ்வூர்களிலிருந்து நகருக்குச் செல்வதற்கு முன்னர் ஓடமே துணை. 1924ஆம் ஆண்டில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அந்நாளைய தேசாதிபதி மனிங் பிரபுவின் மனைவியார் பெயரால் அது வழங்கியது. பாலத்தின் அடியிலே நிலாக்காலத்தில் மீன்கள் பாடும் என்னும் கதை உலகறிந்தது. அவ்வின்னொலியை எண்ணியே அடிகளும் தமது யாழ்நூலில் நீரரமகளிரைக் கற்பனை செய்தனர் என்பர்.

பாலம் அமைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1929இல், கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இதனை நிறுவிய விபுலாநந்த அடிகள் 1892 மார்ச் மாதம் 27ஆம் நாள் காரைதீவிற் பிறந்தவர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அவர், 1922இல் அப் பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் அவருக்குத் துறவு அளித்தவர் சுவாமி சிவானந்தர். பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரும், இராமகிருஷ்ண சங்கத்தின் இரண்டாந் தலைவருமாகிய அப் பெரியாரின் திருப்பெயரே கல்லடிப் பள்ளிக்குச் சூட்டப்பட்டது.

பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர், நகரின் நடுவே இடந்தேடாது, பாலத்துக்கு அப்பால் மணல்மேட்டிலே பள்ளி அமைத்தமை சிந்தித்தற்குரியது. நகரிற் பள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. கல்லடிப் பக்கத்தில் ஆங்கில உயர்கல்வி இல்லை. மேலும், தம் சமயச் சூழலிலேயே உயர்கல்வி பெறுதற்கு இந்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு வேண்டியிருந்தது. இவ்விரண்டினும் மேலாகப் பெற்றோரை இழந்த, வறிய பிள்ளைகளுக்கு இராமகிருஷ்ண சங்கத்தார் இல்லம் அமைத்து, ஊணும் உடையும் உறையுளும் நல்கினர். பள்ளியோடு உறைவிடமும் சேர்ந்தமையே கல்லடியின் புதுமை. தொலைவிலுள்ள பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டாற் போதாது. அவன் இரவிற் படுத்துறங்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அடிகள் உணர்ந்திருந்தார்.

அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இமயச் சாரலில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் கொழும்பில் மறைந்தார். அவருடைய திருவுடலைக் கல்லடிக்குக் கொணர்ந்து, அவர் எழுப்பிய வித்தியாலய வளவிலேயே சமாதி வைத்தனர். பல்கலைக்கழகங்கள் பல அவரை அழைத்தன. நிலையான துயிலுக்கு அழைத்தது பள்ளிக்கூடம்.

வித்தியாலயமும், அதன் அயலில் அமைந்த விவேகானந்த மகளிர் பாடசாலையும் கல்லடியின் இயல்பையே மாற்றின. பிள்ளைகளைப் படிப்பிக்கும் நோக்குடன் குடும்பங்கள் அங்கே குடிபுகுந்தன. ஆசிரியர் பலர் அங்கே வீடு கட்டினர். மீன்பிடித் துறையும் தென்னந்தோட்டமுமாக இருந்த நிலம், நகருக்கு ஆசிரியரையும் உத்தியோகத்தரையும் அனுப்பும் புறநகராயிற்று. 1960இல் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளும் அரசின் கைக்கு மாறின. முகாமை மாறியதாயினும், பள்ளியும் ஊரும் ஒன்றையொன்று பற்றி நின்ற உறவு மாறவில்லை.

வந்தாறுமூலை மத்திய பாடசாலை

கல்லடியில் ஒரு துறவியும் அவர்தம் சங்கமும் செய்ததனை நாடளாவிய முறையிற் செய்வதற்கு அரசு முன்வந்த காலம் 1940களாகும். கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாள் தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இத் திட்டத்தின் முதுகெலும்பாக விளங்கியவை மத்திய பாடசாலைகள். அவை பெரும்பாலும் நகரங்களிலன்றிக் கிராமப் புறங்களிலே, விடுதியும் விஞ்ஞானகூடமும் விளையாட்டு வெளியும் கொண்டனவாக அமைந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் சோதனையிற் சித்தியெய்திய பிள்ளை அங்கே கட்டணமின்றித் தங்கிக் கற்கலாம்.

மட்டக்களப்பின் வடபாலில் இத்தகைய பாடசாலைக்கு இடமாக வாய்த்தது வந்தாறுமூலை. இம் முயற்சியில் முன்னின்றவர், அரசாங்க சபையில் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராகவும், பின்னர்க் கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய வி. நல்லையா அவர்கள். ஆசிரியராயிருந்து அரசியலுக்கு வந்தமையால் நல்லையா மாஸ்டர் என்றே மக்கள் அவரை அழைத்தனர். அவர் பற்றி வரலாறு குறிக்கும் மற்றொரு செய்தியும் இங்கு நினைத்தற்குரியது. 1944ஆம் ஆண்டில் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை அரசாங்க சபையில் வந்தபோது, அதனோடு தமிழையும் சேர்த்தல் வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தவர் அவரே. அத் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து 1956இல் அச் சமநிலை கைவிடப்பட்டமையும் அதனால் விளைந்தனவும் நாடறிந்தவை. கிராமத்துப் பிள்ளைக்குத் தன் மொழியில், தன் ஊரருகிற் கல்வி வேண்டும் என்று கருதிய ஒருவர், அரசின் வாயிலிலும் அவன் மொழி வழங்குதல் வேண்டும் என்று வாதாடியதில் வியப்பில்லை. அவ்விரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முகங்களாம்.

மத்திய பாடசாலையின் விடுதி, செங்கலடியிலும் அயற்கிராமங்களிலும் மட்டுமன்றி, வாவியின் இரு கரைகளிலுமிருந்து பிள்ளைகளை ஒன்றுசேர்த்தது. முன்னர் வாசலிலே நின்ற தடைகளான கட்டணம், தொலைவு, அந்நிய மொழி ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கு நீங்கின. மூன்றும் நீங்கிய இடத்தில் என்ன விளையும் என்பதற்கு ஒரு சான்று போதும். மட்டக்களப்புச் சீலாமுனையைச் சேர்ந்த சி. மௌனகுரு அவர்கள் இப் பாடசாலையிற் கற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், கிராமக் களரியிலே ஒதுங்கிக் கிடந்த கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணரும் பெரும்பணியில் ஈடுபட்டிருந்தார். 1962இற் கர்ணன் போரும், 1965இல் இராவணேசனும் மேடையேறின. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மௌனகுரு. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக வந்தாறுமூலைக்கே திரும்பினார். சிறுவனாய்க் கற்ற நிலத்திலேயே பேராசிரியராய்க் கற்பித்தல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இங்கே வேறொன்றும் கருதத்தக்கது. அண்ணாவியார் களரியில் வளர்ந்த கலை, கிராமத்துப் பிள்ளையின் வழியாகவே உயர்கல்வியின் மதிப்பைப் பெற்றது. பள்ளி கிராமத்துக்குக் கல்வியைக் கொண்டுசென்றது மட்டுமன்று. கிராமத்தின் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரவும் செய்தது. தோணி இரு கரைக்கும் செல்வதன்றோ?

பள்ளி வளாகம் பல்கலைக்கழகமாதல்

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. கூரையிழந்த வீடுகளும் பள்ளிகளும் பல. அத் துயரினின்றும் மாநிலம் மீண்டெழும் நாட்களிலே, 1981 ஓகஸ்ட் முதலாம் நாள், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு இடம் கொடுத்தது வந்தாறுமூலை மத்திய பாடசாலையின் வளாகம். விஞ்ஞானமும் விவசாயமும் முதலிற் கற்பிக்கப்பட்டன. நெல்விளையும் நாட்டில் விவசாயக் கல்வி முன்னிடம் பெற்றமை பொருத்தமே. 1986 ஒக்டோபர் முதலாம் நாள் அக் கல்லூரி இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வணிக முகாமைத்துவம், கலை கலாசாரம் ஆகிய துறைகளும் பின்னர் மருத்துவ சுகாதாரக் கல்வியும் சேர்ந்தன. கல்லடியிலே இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனமும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகி, இப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. இவ்வாறு, துறவி தொடங்கிய கல்லடிப் பாதையும் அரசு தொடங்கிய வந்தாறுமூலைப் பாதையும் ஈற்றில் ஒன்றாய்க் கூடின. வளாகத்திலுள்ள நல்லையா மண்டபம், அவ்விடம் ஒரு காலத்திற் பள்ளியாயிருந்த வரலாற்றைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டி நிற்கின்றது.

ஒரு பாடசாலை தன் இல்லத்தையே உயர்கல்விக்கு ஈந்தமை சிறு செய்தியன்று. ஆசிரியர் தம் தோள்மேல் ஏற்றிவிட்ட பிள்ளை தம்மினும் உயர்ந்து நிற்றலை ஒத்தது அது.

அழிவின் ஆண்டு

தடைகள் நீங்கிய வரலாற்றைக் கூறுவோர், அவை மீண்டும் எழுந்த வரலாற்றை மறைத்தல் முறையன்று. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டின் சில மாதங்கள் இப் பகுதி கண்ட துயரினை எழுத்தில் அடக்கல் அரிது. ஓகஸ்ட் மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஒருவாரம் கழிந்து, செங்கலடியின் அயலூராகிய ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறே இரவிற் கொல்லப்பட்டனர். அதே மாதம் 15ஆம் நாள், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்கு நெடுங்காலம் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அமெரிக்கத் துறவி யூஜின் ஹேபர் அடிகளார், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற்போனார்.

போருக்கு அஞ்சிய கிராமத்தவர் பல்லாயிரவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்தனர். விரிவுரை மண்டபங்கள் உறைவிடங்களாயின. பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் அகதிமுகாமின் பொறுப்பை ஏற்று நடத்தினர். செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் அங்கு வந்து 158 பேரைக் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பிவரவில்லை. நான்கு நாட்கள் கழிந்து, மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள சத்துருக்கொண்டானிற் குழந்தைகளும் பெண்களும் உட்பட நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முகாமை நடத்திய ஆசிரியர்கள் பின்னர் விசாரணை ஆணைக்குழுவின்முன் தாம் கண்டதைச் சாட்சியமாக உரைத்தனர். பிள்ளைகளின் வரவைக் குறிப்பது ஆசிரியரின் நாளாந்தக் கடமை. வராதவரை வராதவர் என்று சொல்லுதல் அந்நாளில் அவர்கள் ஏற்ற கடுங்கடமையாயிற்று.

அதன்பின் கழிந்த ஆண்டுகளிற் புதியதொரு தொலைவு தோன்றியது. செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே சில மைல் உள்ளே செல்லுதல், சோதனைச் சாவடிகளையும் ஆட்சி எல்லைகளையும் கடக்கும் செயலாயிற்று. பத்து மைலைப் பாலமும் புகையிரதமும் சுருக்கின. அச்சம் அதனை மீண்டும் நீட்டிவிட்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையிற் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த ஏறாவூர், செங்கலடி ஆகிய ஊர்களுக்கு இடையிலும் ஐயம் என்னும் வாவி பெருகிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோள் கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தது. 2006 டிசெம்பர் 15ஆம் நாள் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பிற் காணாமற்போனார். கிழக்கிற் போர் 2007இல் ஓய்ந்தது. நாட்டில் 2009இல் முடிவுற்றது. இத்தனைக்கும் இடையிற் பள்ளிகள் இயங்கின; பரீட்சைகள் நடந்தன; பட்டமளிப்பு விழாக்களும் நிகழ்ந்தன. அடிப்படையிலே உறுதி இல்லாதது எதுவும் இவ்வளவு புயலைத் தாங்கி நிற்றல் அரிது.

முடிவுரை

இன்று கல்லடியிற் பழைய இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் நிற்கின்றது. மண்முனைத் துறையிலும் 2014இற் பாலம் அமைந்து, படுவான்கரைக்குச் செல்வோர் ஓடத்துக்குக் காத்திராத நிலை வந்துவிட்டது. செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அயலில் இருக்கின்றது. ஓராண்டு முழுதும் உழைத்தும் மகனை நகருக்கு அனுப்ப இயலாதிருந்த அன்றைய உழவனின் பேரப்பிள்ளைகள், இன்று துவிச்சக்கர வண்டியிற் பல்கலைக்கழகம் சென்று வருகின்றனர்.

ஆயினும் பதுளை வீதி வழியே கரடியனாற்றுக்கும் அப்பாலுள்ள ஊர்களை நோக்கின், பணி முடியவில்லை என்பது தெளிவாகும். அங்கே யானை நடமாடும் வழிகளூடாகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உளர். மழைக்காலத்திற் பாதை துண்டிக்கப்படும் ஊர்கள் உள. நகர்ப்புறப் பாடசாலையை விரும்பும் ஆசிரியர் அங்கு நெடுநாள் தங்கத் தயங்குவதும் மறைக்கத்தக்கதன்று. ஒரு காலத்திற் புளியந்தீவுக்குச் செங்கலடி எவ்வாறு தோன்றியதோ, அவ்வாறே இன்று செங்கலடிக்கு அவ்வூர்கள் தோன்றுகின்றன. தொலைவினால் ஒதுக்கப்பட்டிருந்தோர், தாம் அண்மையில் வந்தபின், தம்மினும் தொலைவிலுள்ளாரை மறத்தல் மனித இயல்பாக இருக்கலாம்; ஆசிரியரின் இயல்பாதல் தகாது.

ஓல்ட் பாதிரியார் கடல்கடந்து வந்தார். விபுலாநந்த அடிகள் பதவியைத் துறந்து மணல்மேட்டுக்கு வந்தார். நல்லையா மாஸ்டர் சட்டசபையிலிருந்து வந்தாறுமூலையை நினைத்தார். சமயத்தாலும் வழியாலும் வேறுபட்ட இம் மூவரும் ஒரு செயலில் ஒன்றுபட்டனர்: பிள்ளை பள்ளியைத் தேடிவரும்வரை காத்திராது, பள்ளியைப் பிள்ளையிடத்துக்குக் கொண்டுசென்றனர். இந்துக் கல்லூரிகளிலே கற்று வெளியேறும் மாணவர்களும், அவற்றின் பழைய மாணவர்களும், கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். புளியந்தீவிலிருந்து வந்தாறுமூலைக்குக் கல்வி வந்துசேர நூற்று முப்பது ஆண்டுகள் சென்றன. வந்தாறுமூலையிலிருந்து பதுளை வீதியின் கடைசி ஊருக்குச் செல்ல அத்தனை காலம் எடுத்தல் ஆகாது.